பழ ஈக்களுக்கு வைத்த ஒயின்

திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த க்யூக்கா ஏரியின் மேற்குக் கரையில் க்ளெண்டா டீட்டரின் மூக்கைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. பார்ப்பதற்கு அது சாதாரண மூக்குத்தான். குளிர்காலத்தில் நுனி கொஞ்சம் சிவக்கும், அவ்வளவே. ஆனால் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் கரண்டி பிடித்த இருபத்திரண்டு வருஷத்தில், எந்தப் பிள்ளை போன வாரத்து மீன் சாண்ட்விச்சைப் பையில் மறந்து வைத்திருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை வரிசையில் வந்து நிற்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். ஒருநாள் காலையில் சமையலறைக்குள் நுழைந்ததும் கேஸ் கசிகிறது என்று சொல்லி முன்னூறு பிள்ளைகளையும் மைதானத்துக்கு விரட்டினாள். தீயணைப்புக்காரர்கள் வந்து தேடினார்கள். கசிவு இருந்தது சமையலறையில் அல்ல, தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த தேவாலயத்தின் அடித்தளத்தில்.

அவளுடைய அப்பா சரிவில் கறுப்புத் திராட்சை போட்டவர். விளைந்ததில் பாதி ஜூஸ் கம்பெனிக்குப் போகும், பாதி ஒயின்காரர்களுக்குப் போகும். அம்மா மதுவைத் தொடாத மெதடிஸ்ட் சபைக்காரி. திராட்சையை ஒயின்காரனுக்கு விற்பதில் அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. அவன் அதை வைத்து என்ன செய்கிறான் என்பதை மட்டும் யாரும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசக் கூடாது. அதனால் ஒயின் நாட்டிலேயே பிறந்து வளர்ந்த க்ளெண்டா ஒயினை முதன்முதலாக வாயில் வைத்தது நாற்பத்து நான்காவது வயதில்தான்.

அதுவும் வேலைக்காகத்தான். ஓவர்பெக் ஒயின் தோட்டத்தின் முதலாளி வெண்டெல் ஓவர்பெக், ருசி பார்க்கும் கூடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். வந்தவளிடம் மூன்று கிளாஸை நீட்டி என்ன தோன்றுகிறது என்று கேட்டார். முதல் கிளாஸில் எலுமிச்சைத் தோல் என்றாள். இரண்டாவதில் பீச் பழ டின்னைத் திறந்தாற்போல் இருக்கிறது என்றாள். மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்துவிட்டு, மழையில் நனைந்த நாயை யாரோ அட்டைப்பெட்டிக்குள் படுக்க வைத்திருக்கிறார்கள் என்றாள். வெண்டெல் அந்தக் கிளாஸை வாங்கி மோந்து பார்த்தார். தக்கை கெட்டுப்போன பாட்டில். காலையிலிருந்து அதே பாட்டிலிலிருந்து எட்டுப் பேருக்கு ஊற்றியாயிற்று. ஊற்றியவர் வெண்டெலேதான்.

அன்று மத்தியானமே அவளுக்கு ஏப்ரன் கிடைத்தது. பதினேழு வருஷமாக அதைக் கழற்றவில்லை.

வெண்டெலின் கூடத்தில் இரண்டே சட்டங்கள். திறந்த பாட்டில் ஒன்று இருக்கும்போது புதுப் பாட்டிலைத் திறக்கக் கூடாது. எந்தப் பாட்டிலாக இருந்தாலும், விருந்தாளி கிளாஸில் ஊற்றுவதற்கு முன் ஊற்றுகிறவர் ஒருமுறை மோந்து பார்க்க வேண்டும். இரண்டாவது சட்டத்தில் மூன்று தடவை கோட்டைவிட்ட ட்வைட் என்பவன் இப்போது அதே தோட்டத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறான். முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போன ஆர்லீன், கூடத்தின் மறுகோடியில் பரிசுப்பொருள் மூலையில் உட்கார்ந்து கைத்துண்டு மடிக்கிறாள். அந்தத் துண்டுகளில் ஒயினைப் பற்றிய கடி ஜோக்குகள் அச்சடித்திருக்கும். பக்கத்தில் திராட்சைக் கொத்து வடிவத்தில் வாசனை மெழுகுவத்திகள். அந்த மூலைக்கு யாரும் தானாகப் போவதில்லை. கழிப்பறைக்குப் போகிற வழியில் பார்ப்பார்கள். ஓய்வு என்று வந்தால் ஒயின் ஊற்றும் மேடையிலிருந்து நேராக வீட்டுக்குத்தான், அந்த மூலை வழியாக இல்லை என்று க்ளெண்டா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

போன மார்ச்சில் அவளுக்கு ஒரு சளி பிடித்தது. ஒரு வாரத்தில் சளி போய்விட்டது. போகும்போது மூக்கின் வேலையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அவளுக்கே அது உடனே தெரியவில்லை. அவள் கணவன் மெர்ல் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன், மீன்பிடியில் பைத்தியம். பிடித்த மீன் வாளியைக் கார் டிக்கியிலேயே மறந்துவிட்டான். மூன்று நாள் கழித்து க்ளெண்டா அதே காரில் சபையைச் சேர்ந்த இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு போனாள். கொட்டும் பனியில் இருவரும் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார்கள். என்ன ஆயிற்று இவர்களுக்கு என்று அவள் வழி நெடுக யோசித்தாள். வீடு திரும்பியதும் மெர்ல் காரைத் திறந்தான், மூடினான், அவளைப் பார்த்தான்.

“இதுல உக்காந்தா போயிட்டு வந்த?” என்றான்.

“ஏன், என்ன?”

“க்ளெண்டா, உன் மூக்கு செத்துப்போச்சு.”

டாக்டர் வரலாம், வராமலும் போகலாம் என்றார். மூக்கைப் பற்றித்தான் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் பால் கெட்டதா என்று பார்ப்பது மெர்லின் வேலையாயிற்று. ஒயின் தோட்டத்தில் மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடினால் மெழுகுவத்தி மூலைதான் தெரிந்தது.

முதல் வாரம் பயத்திலேயே ஓடியது. பாட்டிலைத் திறப்பாள், கொஞ்சம் ஊற்றுவாள், கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, பதினேழு வருஷப் பழக்கத்தில் தலையாட்டுவாள். வெறும் தண்ணீரை மோந்தாலும் அவளுக்கு அதேதான். இரண்டாவது வாரம் ஒரு யோசனை வந்தது. முதல் கிளாஸை விருந்தாளி ஒருவரிடம் நீட்டி, “நான் சொல்ல மாட்டேன் தங்கம், நீங்க சொல்லுங்க. உங்க மூக்குக்கு என்ன தெரியுது?” என்று கேட்டாள். அவளுக்கு எல்லாரும் தங்கம்தான், எழுபது வயது லாரிக்காரரும் தங்கம்தான்.

அவர் பழம் ஏதாவது சொன்னால் பாட்டில் நல்ல பாட்டில். முகத்தைச் சுளித்து, ஈரத்துணி, அடித்தளம், நாய் என்று எதையாவது சொன்னால், க்ளெண்டா மேடையைத் தட்டி, “பிடிச்சிட்டீங்க பாருங்க, சோதனைக்குத்தான் ஊத்தினேன். பத்துப் பேர்ல ஒருத்தர்தான் கண்டுபிடிப்பாங்க” என்று சொல்லிப் பாட்டிலை மாற்றிவிடுவாள். அந்தப் பத்தில் ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆறு பாட்டில் வாங்கிப் போவார்.

இதில் அவளே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முன்பெல்லாம் எலுமிச்சைத் தோல், ஈரக்கல் என்று அவள் அடுக்கும்போது விருந்தாளிகள் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரித் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இப்போது அவர்களே பேசினார்கள். ஒருவர் தன் அத்தை வீட்டு அலமாரி என்றார், இன்னொருவர் புது டென்னிஸ் பந்து என்றார். பேசியவர்கள் வாங்கினார்கள். ஜூன் மாதம் வெண்டெல் அவளைக் கூப்பிட்டு, என்ன மந்திரம் போடுகிறாய், மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடு என்றார். க்ளெண்டா சிரித்துச் சமாளித்துவிட்டு, பாத்திரம் கழுவும் அறைக்குப் போய், கழுவி வைத்த கிளாஸ்களையே மறுபடி கழுவினாள்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. அறுவடை நேரம். அறுவடை என்றால் பழ ஈ. கிளாஸ் விளிம்பு, ருசித்த ஒயினைத் துப்பும் வாளி, வெண்டெலின் மீசை என்று எதையும் அவை விடாது. அவற்றைப் பிடிக்க ஜன்னலோரம் தட்டுகளில் ஆப்பிள் வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து வைப்பது வழக்கம். தட்டு காயக் காய ஊற்ற வேண்டும். அதற்காக வெண்டெல் அன்று காலையில் ஒரு காலிப் பாட்டிலை எடுத்து அதில் வினிகர்த் தண்ணீரை நிரப்பினார். எந்தப் பொருளையும் தூக்கிப்போட மனம் வராத மனிதர். கையில் கிடைத்தது ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினின் பதினான்கு வருஷத்துப் பழைய பாட்டில். பழைய ரீஸ்லிங்கின் நிறம் பொன்மஞ்சள். அந்த வினிகர்த் தண்ணீரின் நிறமும் அதுவே. தக்கையை அழுத்தி மூடி, மேடைக்குக் கீழே வலது கோடியில், திறக்காத ஐந்து பழைய ரீஸ்லிங்குகளின் பக்கத்தில் வைத்துவிட்டு அறுவடையைப் பார்க்கப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மோந்து பார்த்தால் தெரியாதா என்ன?

இரண்டு மணிக்கு லைல் புஸேக்கரின் சிறிய பேருந்து ரோச்செஸ்டரிலிருந்து ஒன்பது பெண்களை இறக்கியது. அடுத்த வாரம் ஜாஸ்லின் என்ற பெண்ணுக்குக் கல்யாணம், அதற்கு முந்தைய கொண்டாட்டம். இது அவர்களுக்கு மூன்றாவது தோட்டம், ஆகவே சத்தமும் மூன்று மடங்கு. லைல் வழக்கம்போல மேடையின் கடைசி முக்காலியில் உட்கார்ந்தான். வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒயின் கிடையாது. வாய் நனைக்கத் தண்ணீர், நாள் முழுக்கக் கொறிக்க உப்பு பிஸ்கட் கிண்ணம்.

அவர்களுக்குப் பின்னாலேயே டாக்டர் ஃபென்விக் வந்தார். சிரக்யூஸ் நகரத்துப் பல் டாக்டர். சொந்தக் கிளாஸைப் பஞ்சு வைத்த பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறவர். ருசித்த ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார். தொண்ணூற்றொன்றுக்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை. கூட அவர் மனைவி ரூத். ஒயின் தோட்டங்களுக்கு அவள் கையில் ஒரு பின்னல் வேலையோடு வருவாள்.

வெண்டெல் தோட்டத்திலிருந்து எட்டிப்பார்த்து, டாக்டருக்கு அந்தப் பழைய ரீஸ்லிங்கை ஊற்று, கீழே வலது கோடியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி போய்விட்டார். பெண்களும் எங்களுக்கும் எங்களுக்கும் என்றார்கள்.

க்ளெண்டா குனிந்தாள். ஆறு பாட்டில்கள் இருந்தன. ஒன்று ஏற்கெனவே திறந்தது. முதல் சட்டப்படி திறந்ததை எடுத்தாள். இரண்டாவது சட்டப்படி கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, மூக்கை விட்டு, கண்ணை மூடித் தலையாட்டினாள். பிறகு டாக்டரின் சொந்தக் கிளாஸில் ஊற்றி, “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் டாக்டர். நீங்க சொல்லுங்க” என்றாள்.

டாக்டர் மூக்கை உள்ளே விட்டார். கண்ணில் நீர் வந்தது. எடுத்தார், மறுபடி விட்டார். நோட்டைத் திறந்தார்.

“பச்சை ஆப்பிள்” என்றார் மெதுவாக.

க்ளெண்டாவுக்கு மூச்சு வந்தது. ஆப்பிள் என்றால் நல்ல பாட்டில். வரிசையாக ஒன்பது கிளாஸ்களிலும் ஊற்றினாள்.

டாக்டர் ஒரு வாய் உறிஞ்சினார். அவருடைய இரண்டு காதுகளும் பின்னால் போயின. நூறு பல்லைப் பிடுங்கியவர் அல்லவா, வலியை முகத்தில் காட்டவில்லை. இந்த வயதில் இத்தனை புளிப்போடு நிமிர்ந்து நிற்கிற ஒயினைத் தான் பார்த்ததே இல்லை, இதில் ஒரு தைரியம் இருக்கிறது என்றார். ஒரு டாக்டரே சொல்லிவிட்ட பிறகு மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? ஒரு பெண் சுத்தமாக இருக்கிறது என்றாள். இன்னொருத்தி தொண்டையில் ஏதோ திறந்துகொண்டது என்றாள். மணப்பெண் ஜாஸ்லின் இருமி முடித்துவிட்டு, இனிப்பு ஒயின் குடிக்கிற தன் மாமியாருக்கு இதெல்லாம் புரியாது என்றாள்.

ரூத் பின்னலிலிருந்து தலையைத் தூக்கிக் கணவனின் கிளாஸை வாங்கி ஒரு சொட்டு நக்கினாள். “எனக்குப் புளிப்பா ஊறவெச்ச வெள்ளரிக்கா சாலட் ஞாபகம் வருது” என்றாள்.

“நீ பின்னு, ரூத்” என்றார் டாக்டர்.

மேடையின் கோடியில் லைல் பிஸ்கட்டை வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நிறுத்தினான். அங்கேயே அவனுக்கு நெடி அடித்துவிட்டது. ஆனால் க்ளெண்டா தெரிந்தேதான் டாக்டரோடு விளையாடுகிறாள் என்று நினைத்து, சிரிப்பு வெளியே வராமல் இருக்கப் பிஸ்கட்டை வாய்க்குள் அடைத்துக்கொண்டான்.

டாக்டர் நோட்டில் தொண்ணூற்று மூன்று என்று எழுதிக் கீழே கோடு போட்டார். ஆறு பாட்டில் வேண்டும் என்றார். க்ளெண்டா வெண்டெலைக் கூப்பிட ஆளனுப்பிவிட்டு மேடையைத் துடைக்கத் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள். ஜன்னலோரத் தட்டுகளை விட்டு ஈக்கள் கிளம்பி வந்துகொண்டிருந்தன. முன்பு ஊற்றிய சிவப்பு ஒயின் கிளாஸ்கள் பக்கத்திலேயே இருந்தன. அவற்றை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரின் கிளாஸ் விளிம்பில் நான்கு. ஜாஸ்லினுடையதில் மூன்று. பாட்டிலின் வாயில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது.

அவளுடைய மூக்குத்தான் போயிருந்தது, கண் நன்றாக இருந்தது. காய்ந்த தட்டுகளைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். காலையில் வெண்டெல் புனல் கேட்டது ஞாபகம் வந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். டாக்டர் வாங்கிப் போகப் போவது மீதி ஐந்தோடு கிடங்கிலிருந்து வரும் ஒன்று, அத்தனையும் நல்ல பாட்டில்கள். இந்தப் பாட்டிலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டால் கதை முடிந்தது. கை பாட்டில்மேல் போய்விட்டது. வெண்டெல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

அந்த நேரம் பார்த்து ஜாஸ்லின் முக்காலிமேல் ஏறி நின்றாள். இந்த நாளை ஞாபகம் வைத்துக்கொள்ள இந்த ஒயினைத்தான் எல்லாரும் வாழ்த்துச் சொல்லித் தூக்கிப் பிடிக்க வேண்டும், கல்யாண மேசையிலும் இதுதான் இருக்க வேண்டும் என்றாள். கிளாஸை நீட்டி, “நிறைய ஊத்துங்க” என்றாள்.

க்ளெண்டா பாட்டிலைச் சாய்த்தாள். பிறகு நிமிர்த்தினாள். வேறு எதற்கு வேண்டுமானாலும் ஊற்றியிருப்பாள். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு வாழ்த்து என்று ஈ மருந்தை ஊற்றக் கை வரவில்லை.

“கீழ இறங்கு தங்கம்” என்றாள். “அதைக் குடிக்காத. அது வினிகர்.”

வெளியே, திராட்சையைத் தின்ன வரும் குருவிகளை விரட்டும் கேஸ் வெடி டம் என்று வெடித்தது. ஒன்பது பெண்களும் பதறித் தலையைத் தாழ்த்தினார்கள். உள்ளூர்க்காரர்கள் யாரும் அசையவில்லை.

“நான் சொன்னேன்ல” என்றாள் ரூத், பின்னலைப் பார்த்தபடி.

டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. புளிப்புக்கும் வினிகருக்கும் வித்தியாசம் தெரியாமல் தான் இருபது வருஷம் நோட்டு எழுதவில்லை என்றார். வெண்டெல் பாட்டிலை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் தக்காளி ஆயிற்று. விருந்தாளிகள் முன் அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை.

“மோந்து பார்க்கலையா க்ளெண்டா?”

“பார்த்தேன். மார்ச்சிலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், வெண்டெல். ஒண்ணுமே தெரியல.”

மறுகோடியில் ஆர்லீன் துண்டு மடிப்பதை நிறுத்தினாள். வெண்டெல் க்ளெண்டாவைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். பிறகு, கொஞ்ச நேரம் ஆர்லீனோடு போய் இரு என்றார். க்ளெண்டா ஏப்ரனைக் கழற்றி மடித்து மேடைமேல் வைத்துவிட்டு நடந்தாள். இருபது அடி தூரம்தான். இத்தனை வருஷமாகப் பயந்த தூரம்.

வெண்டெல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, உண்மையான பழைய ரீஸ்லிங் ஒன்றைத் திறந்தார். மோந்தார். எலுமிச்சைத் தோல், ஈரக்கல், பின்னால் கொஞ்சம் தேன் என்று தொடங்கினார். மலைச்சரிவின் மண்ணைப் பற்றிச் சொன்னார். அந்த வருஷத்து மழையைப் பற்றிச் சொன்னார். பனி எந்தத் தேதியில் இறங்கியது என்று சொன்னபோது இரண்டு பெண்கள் போனை எடுத்தார்கள். ஜாஸ்லின் கிளாஸோடு நழுவினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. கால் மணி நேரத்தில் வெண்டெலின் முன்னால் டாக்டர் மட்டும்தான் மிச்சம். அவர் ஒயினை ருசித்து, கொஞ்சம் சப்பென்று இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

மூலையில் சிரிப்பு கூரையைத் தொட்டது. மணப்பெண்ணின் கண்ணை ஒயின் ஜோக் துண்டால் கட்டி, க்ளெண்டா ஒவ்வொரு மெழுகுவத்தியாக மூக்கருகே நீட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன வாசம் சொல்லு, தங்கம்.”

“என் முதல் காதலனோட கார்” என்றாள் ஜாஸ்லின்.

“இது லாவெண்டர்னு எழுதியிருக்கு.”

“அவன் அம்மா காரு அது.”

ஆர்லீன் கண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அந்த மூலையில் உட்கார்ந்த ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மெழுகுவத்திகள் தீர்ந்து கிடங்குக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

வெண்டெல் அதைப் பார்த்துக்கொண்டே மேடையில் சாய்ந்து நின்றார். கோபம் போகவில்லை, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரீஸ்லிங் பாட்டிலில் வினிகரை ஊற்றி, நல்ல பாட்டில்களோடு வைத்தது யார் என்று அவருக்கும் தெரியும். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். லைல்தான் பேசினான்.

“நான் மோந்து பார்த்துச் சொல்றேனே” என்றான். “வாரத்துல நாலு நாள் இங்கதான் உக்காந்திருக்கேன். குடிச்சா லைசென்ஸ் போயிடும். மோக்குறதுக்கு எந்த போலீஸ்காரனும் பிடிக்க மாட்டான்.”

“உனக்கு ஒயின் பத்தி என்ன தெரியும்?” என்றார் வெண்டெல்.

“ஒண்ணும் தெரியாது. அந்தக் கோடியிலேர்ந்தே இது வினிகர்னு தெரிஞ்சுது.”

வெண்டெல் மேடைக்குக் கீழே துழாவி, நல்ல பாட்டில் ஒன்றையும், காலையில் தக்கை கெட்டதென்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்றையும் எடுத்து இரண்டு கிளாஸில் ஊற்றினார். லைல் முதலாவதை மோந்து, நல்லா இருக்கு என்றான். இரண்டாவதை மோந்து, வேண்டாம் என்றான். காரணம் கேட்டதற்கு, சொல்லத் தெரியாது, வேண்டாம், அவ்வளவுதான் என்றான்.

அப்படித்தான் ஏற்பாடு ஆயிற்று: க்ளெண்டா ஊற்றுவாள், லைல் மோந்து பார்ப்பான். லைல் வராத நாள்களில் ட்வைட்டைத் தவிர யாராவது மோந்து பார்ப்பார்கள். சட்டத்தை மீறியதற்காக க்ளெண்டா செவ்வாய்க்கிழமைகளில் மூலையில் துண்டு மடிக்க வேண்டும் என்று வெண்டெல் சொன்னார். அவளும் பதிலுக்கு, காலிப் பாட்டிலில் வினிகர் ஊற்றியவர் எந்தக் கிழமையில் மடிக்கப்போகிறார் என்று கேட்டாள். புதன்கிழமை மத்தியானங்களில் வெண்டெல் ஆர்லீனின் பக்கத்தில் உட்கார்ந்து துண்டு மடிப்பதை யார் போனாலும் பார்க்கலாம். ஓரம் சேரவே சேராது. ஆர்லீன் பிரித்து மறுபடி மடிப்பாள்.

அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது மெர்ல் பீர் டின்னை வைத்துவிட்டு, அப்படியானால் இனிமேல் பாலையும் லைல் வந்து மோந்து பார்ப்பானா என்று கேட்டான்.

அக்டோபர் நடுவில் டாக்டர் ஃபென்விக் மறுபடி வந்தார். ரூத் வண்டியிலேயே இருந்துவிட்டாள். க்ளெண்டா பாட்டிலைத் திறந்து கோடியில் இருந்த லைலிடம் நீட்டினாள். அவன் பிஸ்கட்டை மென்றபடி மோந்து தலையாட்டினான். டாக்டர் ஒவ்வொன்றாக ருசித்தார். எண்பத்தெட்டு, எண்பத்தேழு, எண்பத்தெட்டு. ஏதோ விட்டுப்போன மாதிரி மேடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில், பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குனிந்தார்.

“அன்னிக்கு ஊத்தினீங்களே” என்றார் சன்னமாக. “அதுல கொஞ்சம் மிச்சம் இருக்கா?”

க்ளெண்டா ஜன்னலோரம் பார்த்தாள். குளிர் வந்துவிட்டது, ஈக்கள் குறைந்துபோயிருந்தன. “இருக்கு டாக்டர்” என்றாள். “இந்த வருஷம் இனிமே அதை யாரும் கேக்கப்போறதில்ல.” பிறகு கீழே குனிந்து, வெண்டெல் இப்போது சிவப்பு எழுத்தில் வினிகர் என்று எழுதி ஒட்டி வைத்திருந்த அந்தப் பாட்டிலை எடுத்தாள். டாக்டரின் சொந்தக் கிளாஸில் இரண்டு விரற்கடை ஊற்றி, சட்டப்படி லைலிடம் நீட்டினாள்.

லைல் மோந்தான். “வேண்டாம்” என்றான்.

டாக்டர் அதற்குள் கையை நீட்டிவிட்டார்.